மூப்பின் மீது சுமத்திய பழி

அறுபது வயதைத் தாண்டியவர்கள் தேகத்தை வருத்திக்கொள்ளலாகாது என்பதும், காலையில் சிறிது தூரம் காலாற நடந்துவிட்டு வருவதோடு அவர்களுடைய தேகாப்பியாசம் முடிந்துவிட வேண்டும் என்பதும், அதற்கு மேற்பட்டுக் குந்தி எழுவதோ, பளு தூக்குவதோ, மூச்சு வாங்கும்படி மேடேறுவதோ இளவட்டங்களுக்கு மட்டுமே உரியவை என்பதும் நம் வீடுகளில் விவாதத்துக்கு இடமில்லாத முடிவுகளாக நிலைபெற்றுவிட்டன. இந்த அபிப்பிராயத்தை நான் மறுக்கிறேன். எந்தத் தளர்ச்சியிலிருந்து வயோதிகரைக் காப்பதாக அது எண்ணிக்கொள்கிறதோ, அந்தத் தளர்ச்சியை விளைவிப்பதில் அதற்கே பெரும் பங்கு உண்டு என்பதுதான் என் வாதம்.

மறுக்கப் புகுமுன், அதை உடையவர்கள் சொல்லும் வகையிலேயே, அதன் பலம் குன்றாமல் எடுத்துரைப்பது நியாயம். வயது ஏற ஏறத் தசை குறைகிறது, எலும்பு மெலிகிறது, மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது, இதயம் எட்டக்கூடிய உச்ச வேகம் தணிகிறது. இவற்றுள் ஒன்றும் கற்பனை அன்று. இருபது வயதில் சுளுக்கிக்கொண்ட கால் சில நாளில் தேறிவிடும். எழுபதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சுருண்டு விழுந்து உயிர் நீத்தார் என்ற செய்தியையும் அவ்வப்போது பத்திரிகையில் படிக்கிறோம். நாற்பது ஆண்டு உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவருக்கு ஓய்வு என்பது பிறர் இரங்கிக் கொடுப்பதன்று. அவர் சம்பாதித்த உரிமை. இத்தனைக்கும் மேலாக, தாயின் இடுப்பிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளும் மகனும், மாமனாரை மாடிப்படி ஏறவிடாத மருமகளும் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அது எடுத்துக்கொண்ட வழியில்தான் எனக்கு ஆக்ஷேபம்.

முதல் ஆக்ஷேபம்: மூப்பையும் முடக்கத்தையும் ஒன்றெனக் கொள்வது எந்தத் தர்க்கத்தைச் சேர்ந்தது? எழுபது வயதுக்காரர் ஒருவர் தரையிலிருந்து எழமுடியாமல் சுவரைத் தேடுவதைப் பார்த்தவுடனே, 'வயதாகிவிட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர் இருபது ஆண்டுகளாகத் தரையில் உட்காரவே இல்லை என்ற செய்தி அந்தத் தீர்ப்பில் இடம்பெறுவதில்லை. இரண்டு காரணங்கள் ஒரே காலத்தில் ஒரே சரீரத்தில் வேலை செய்யும்போது, விளைவு முழுவதையும் அவற்றுள் ஒன்றின் தலையில் கட்டிவிடுவது காரணகாரிய விசாரணை ஆகாது. அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா என்றால், உண்டு. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில், இருபது வயது நிரம்பிய ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து, அவர்களுடைய சரீரம் உச்ச உழைப்பின்போது எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்க வல்லது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். தேகத்தின் உழைப்புத் திறனுக்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. மூன்றே வாரத்தில் அது கால் பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. அதே ஐவரையும் முப்பது ஆண்டு கழித்து, அவர்கள் ஐம்பது வயதைத் தொட்டிருந்தபோது மறுபடியும் அழைத்து அளந்து பார்த்ததில், முப்பதாண்டு மூப்பு அவர்களுடைய திறனுக்குச் செய்திருந்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிது என்று தெரிய வந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுக்கவே, இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் அவர்களுக்கு இருந்த அளவுக்குத் திறன் மீண்டது.

ஐந்து பேர் மிகச் சிறிய தொகை என்று சொல்லலாம். ஆனால், அந்த ஐவரில் ஒவ்வொருவரும் வேறு யாரோடும் அன்றித் தம்மோடு தாமே ஒப்பிடப்பட்டவர்கள் என்பதால், பிறவி வேற்றுமை, குல வேற்றுமை, உணவு வேற்றுமை என்ற சமாதானங்களுக்கு அங்கே இடம் குறைவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இருபது வயதில் பயிற்சி பெற்றபின் எட்டிய உச்சத்தை ஐம்பதில் அவர்களுள் ஒருவரும் எட்டவில்லை. மூப்பு மெய், அது எடுத்துக்கொள்ளும் பங்கும் மெய். அது எடுக்காததையும் அதன் கணக்கில் எழுதுவதைத்தான் நான் பழி என்கிறேன்.

ஓய்வே சிறந்த மருந்து என்ற நம்பிக்கை பாமர மக்களுடையது மட்டுமாக இருந்ததில்லை. அது ஒரு காலத்தில் வைத்தியர்களின் சித்தாந்தமாகவே இருந்தது. மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம்வரை அசையாமல் படுக்கவைத்து, சோறு ஊட்டுவதற்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்கும்படி செய்வதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது. 1952இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான ஸாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும், அத்தகைய நோயாளிகளைச் சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்த தங்கள் அனுபவத்தை வெளியிட்டபோது, இது நோயாளியைக் கொல்லும் காரியம் என்று சக வைத்தியர்களே கலங்கினார்கள். இன்றைக்கு மாரடைப்பு நோயாளி மறுநாளே எழுந்து நிற்கிறார். இருதய சத்திரசிகிச்சை முடிந்தவரைத் தாழ்வாரத்தில் நடக்கவைக்கிறார்கள். வைத்தியசாலை கைவிட்டுவிட்ட கொள்கையை வீடு மட்டும் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இரண்டாவது ஆக்ஷேபம்: 'இனிமேல் ஆரம்பித்து என்ன பிரயோஜனம்?' என்பது விடை தெரியாத கேள்வியன்று. 1990ஆம் ஆண்டிலேயே அதற்கு விடை கிடைத்துவிட்டது. பாஸ்டனில் நாட்பட்ட நோய்களோடு வாழும் முதியோருக்கான இல்லம் ஒன்றில், மரியா ஃபியாட்டரோன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்கள் நூறாண்டு வாழ்வதற்கென்றே பிறந்த திடகாத்திர சரீரிகள் அல்லர். பல பிணிகளைச் சுமந்துகொண்டு, பிறருடைய பராமரிப்பில் நாளைக் கழித்துவந்த மெலிந்த முதியவர்கள். தொடையின் முன்புறத் தசைக்கு வாரத்தில் மூன்று நாளாக எட்டு வாரம் பளுப்பயிற்சி அளித்தார்கள். பெயருக்குச் செய்த பயிற்சியன்று அது. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கவல்ல உச்ச பளு எவ்வளவென்று கண்டு, முதல் வாரம் அதில் பாதியும், அடுத்த வாரத்திலிருந்து அதில் ஐந்தில் நான்கு பங்கும் கட்டி, எட்டெட்டுத் தடவையாக மூன்று சுற்றுத் தூக்கச் செய்தார்கள். பலம் கூடக் கூடப் பளுவையும் கூட்டிக்கொண்டே போனார்கள். இறுதிவரை நின்ற ஒன்பது பேருடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருத்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

முதுமைதான் அவர்களுடைய பலவீனத்துக்கு முழுக் காரணம் என்றால், அந்த எட்டு வாரத்தில் அவர்களுக்கு வயது குறைந்திருக்க வேண்டும். வயது குறையவில்லை, எட்டு வாரம் கூடியிருந்தது. பலவீனம் மட்டும் குறைந்திருந்தது. காரணம் மாறாதிருக்கக் காரியம் மாறுமானால், நாம் காரணமென்று எண்ணியது காரணமன்று என்பது தர்க்க சாஸ்திரத்தின் பால பாடம். அந்தச் சோதனையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவர்கள் அடைந்திருந்த உச்ச பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. மூப்பு நான்கு வாரத்தில் அவ்வளவு தூரம் பாய்வதில்லை. பாய்ந்தது முடக்கம்.

1994இல் அதே குழுவினர் சராசரி வயது 87 உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குப் பளுப்பயிற்சியும், சிலருக்குச் சத்துப்பானமும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பத்து வாரம் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களுடைய தசை பலம் 113 சதவீதம் ஏறிற்று. அவர்கள் முன்னைவிட வேகமாக நடந்தார்கள், மாடிப்படி ஏறும் வலிமையும் மிகுந்தது. பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் அருந்தியவர்களுடைய பலம் கூடவில்லை. இந்த முடிவு நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது. தளர்ந்த பெற்றோருக்கு நாம் செய்யும் முதல் உபசாரம் சத்துமாவுக் கஞ்சியும், பாலில் கரைத்துக் கொடுக்கும் பொடியுமாக இருக்கிறது. தசைக்குப் புரதம் வேண்டும் என்பதும், இரண்டு இட்டிலியும் ஒரு தம்ளர் காப்பியுமாக நாளை ஒப்பேற்றும் முதியவர்களுக்குப் பருப்பும் பயறும் முட்டையும் தயிரும் அதிகம் வேண்டும் என்பதும் வாஸ்தவம். ஆயினும், வேலை வாங்கப்படாத தசை அந்தப் புரதத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்ளுவதில்லை.

இந்த இடத்தில், என் பக்கத்தைச் சேர்ந்தவர்களே செய்யும் ஒரு தவற்றையும் சொல்லவேண்டும். தொண்ணூற்று மூன்றாம் வயதில் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கி, 2017இல் தம்முடைய 101ஆம் வயதில் ஆக்லாந்து நகரத்தில் நூறு மீட்டர் ஓடிய சண்டிகர் மூதாட்டி மான் கௌரையும், 102ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இரண்டாண்டுக்கு முன் தாமே ஏற்படுத்திய தூரத்தைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர் ரொபேர் மர்ஷானையும் அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள். இருவரையும் நான் வணங்குகிறேன். ஆனால், அதிசயமானவர்களைக் காட்டி வாதிப்பதனால் எதிர்த் தரப்புதான் பலப்படுகிறது. 'அவர்கள் தெய்வப் பிறவிகள், நாம் அப்படியா?' என்று சொல்லிக்கொண்டு கேட்பவர் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். பாஸ்டன் இல்லத்தில் பளு தூக்கிய பெயர் தெரியாத பத்துப் பேர்தான் இந்த வழக்கில் மேலான சாட்சிகள்.

மூன்றாவது ஆக்ஷேபம்: சரீரத்தை இயந்திரமாகப் பார்க்கும் உவமையே இந்த மயக்கத்தின் வேர். ஓட ஓடச் சக்கரம் தேயும், ஆகவே உபயோகத்தைக் குறைத்தால் அதிக காலம் உழைக்கும் என்பது வண்டிக்குப் பொருந்தும். தன்மேல் விழும் பாரத்தை அறிந்து தன்னைத் தானே திருத்திக் கட்டிக்கொள்ளும் சக்கரம் எங்கும் கிடையாது. உயிருள்ள சரீரமோ ஒவ்வொரு நாளும் அதைத்தான் செய்கிறது. எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் யூலியுஸ் வொல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பாரமே இல்லாத விண்வெளியில் தங்கும் வீரர்கள் திடகாத்திரமான நடுவயதினர். அப்படியிருந்தும் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் கரைகிறது. அங்கே தேய்மானத்துக்கு எதுவுமே இல்லை, ஆயினும் தேய்கிறது.

முழங்காலைப் பற்றிய பயம் எல்லாவற்றிலும் பெரிது. குந்தி எழச் சொன்னால் போதும், 'முட்டி போய்விடும்' என்பார்கள். மூட்டின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. பாரம் விழும்போது பிழியப்பட்டும், பாரம் நீங்கும்போது சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சியும்தான் அது தனக்கு வேண்டிய போஷணையைப் பெறுகிறது. அசைவே அதன் ஆகாரம். மூட்டைத் தாங்கி நிற்கும் தொடைத் தசை நலிந்தால், ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேரே மூட்டின்மேல் இறங்குகிறது. ஆகவேதான் மூட்டுத் தேய்வு கண்டவர்களுக்கு முதல் சிகிச்சையாகத் தொடைத் தசைப் பயிற்சியை வைத்தியர்கள் விதிக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார், ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984 முதல் இரண்டு தசாப்தம் தொடர்ந்து கவனித்தார்கள்; ஓடியவர்களுடைய முழங்கால் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை. பத்தொன்பது ஆண்டு முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருக்க, ஓடியவர்களில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஓடும் சக்தி உள்ளவர்கள் ஏற்கனவே ஆரோக்கியசாலிகளாக இருந்திருப்பார்கள் என்ற ஆட்சேபணைக்கு இடம் உண்டுதான். ஆனால், ஓடினால் முட்டி போய்விடும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை.

எலும்பு மெலிந்தவர்கள் பளு தூக்கலாமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் விடை தேடினார்கள். மாதவிடாய் நின்று எலும்படர்த்தி குறைந்துபோன நூற்றுச் சொச்சம் பெண்கள், சராசரி வயது 65. அவர்களில் பாதிப் பேர் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம், பயிற்சியாளரின் மேற்பார்வையில், தரையிலிருந்து பளுவை எடுத்து நிமிர்வதும், தோளில் ஏற்றிக் குந்தி எழுவதும், தலைக்குமேல் தூக்குவதுமாக எட்டு மாதம் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி இலேசான பயிற்சி செய்தார்கள். பளு தூக்கியவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடிற்று. இலேசாகச் செய்தவர்களுடையது 1.2 சதவீதம் குறைந்தது. பளு தூக்கியவர்களுக்கு நேர்ந்த விபத்து ஒரே ஒரு முதுகுப் பிடிப்பு. இலேசானதே பத்திரமானது என்று எண்ணியிருந்தோமே, அந்தப் பத்திரத்தின் பலன் எலும்பு தொடர்ந்து கரைந்ததுதான்.

நான்காவது ஆக்ஷேபம்: கடுமையான உழைப்பின்போது மாரடைப்பு நேர்வதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை; யாருக்கு நேர்கிறது என்று கேட்கிறேன். 1993இல் அமெரிக்காவில் மாரடைப்புக்கு உள்ளான ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை விசாரித்த ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தெளிவான விடை தருகிறது. வாரத்துக்கு ஒரு நாள்கூட உழைத்துப் பழகாதவர்கள் திடீரென்று கடுமையாக உழைத்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு மாரடைப்பு நேரும் அபாயம் நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது. வாரத்தில் ஐந்து நாளும் அதற்கு மேலும் உழைத்துப் பழகியவர்களுக்கோ அது ஏறத்தாழ இரண்டரை மடங்கோடு நின்றுவிடுகிறது. எதிர்த் தரப்பினர் காட்டும் மரணங்கள் பயிற்சிக்கு எதிரான சாட்சியம் அல்ல; நெடுநாள் பயிற்சியின்மைக்கும், முதல் நாளே நூறு தண்டால் எடுக்கும் அவசரத்துக்கும் எதிரான சாட்சியம். வாழ்நாளெல்லாம் எந்த உழைப்பும் நேராதபடி ஒருவரைக் காத்துவிட முடியுமா? மின்தூக்கி நின்றுபோகும் நாள் வரும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நாள் வரும், விழுந்த மனைவியைத் தூக்கி நிறுத்தும் நாள் வரும். அன்றைக்கு இதயம் பழகியதாக இருப்பது நல்லதா, பழகாததாக இருப்பது நல்லதா?

லண்டன் மாநகரத்தின் இரண்டடுக்கு பஸ்களில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களையும், நாளெல்லாம் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெரமி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரே ஸ்தாபனம், ஒரே நகரம், ஒரே வர்க்கம். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் உயிரைக் கொள்ளும் அளவு கடுமை குறைந்ததாகவும் இருந்தது. ஓட்டுநர்கள் ஆரம்பத்திலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். அதற்கும் மோரிஸ் அவர்களுடைய சீருடைகளின் அளவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தார். பருமன் ஒரு பங்குதான், முழு விடையன்று என்று கண்டார். தாமும் நாளும் உழைத்துத் தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்தார்.

ஐந்தாவது ஆக்ஷேபம்: நடந்தால் போதும் என்பவர்கள் பாதி உண்மையைச் சொல்லுகிறார்கள், ஆகவே அவர்களை மறுப்பது கடினம். நடை மிக நல்லது. 2023 நவம்பரில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மக்களை அழைத்ததை நான் வரவேற்கிறேன். உட்கார்ந்தே இருப்பவரை நடக்கவைப்பது பெரிய காரியம். ஆனால், கால் தடுக்கும்போது முதியவரை விழாமல் காப்பது எது? தடுக்கிய அந்தக் கணத்திலேயே மற்றொரு காலை முன்னே வீசி, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல் தாங்கி நிறுத்தவேண்டும். அந்த வேகத்தையும் பலத்தையும் தருபவை தசையிலுள்ள துரித இழைகள். வயதில் முதலில் மெலிபவையும் அவையே. நிதானமான நடை அவற்றை எழுப்புவதில்லை. பளுவும், படியும், விரைந்து எழும் அசைவும்தான் எழுப்புகின்றன. சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் சேர்ந்த முறைகள் முதியோர் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன என்பது, 23,000 பேருக்கு மேல் பங்குகொண்ட நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2019இல் கண்ட முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த விதியும், 65 வயதைக் கடந்தவர்கள் நடை முதலியவற்றோடு நிறுத்தாமல், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் பலத்தையும் வளர்க்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை வைத்தியர்கள் இதை முதியவரிடம் சொல்லியிருக்கிறார்கள்?

மேலும், பத்தாண்டாக அதே பூங்காவை அதே வேகத்தில் அதே மூன்று சுற்றுச் சுற்றிவருபவர் முன்னேறவில்லை என்றால் அதற்கு வயதை நொந்து பயனில்லை. சரீரம் தனக்குப் பழகிப்போன வேலைக்காக மேலும் மாறுவதில்லை. வீட்டு வேலையே போதுமான பயிற்சி என்று பெண்களிடம் சொல்வதும் இத்தகையதே. ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றுக் கயிறும் போய், மிக்ஸியும் கிரைண்டரும் குழாயும் வந்தபின், வீட்டு வேலையில் மிஞ்சியிருப்பது களைப்பு. பலத்தை வளர்க்கும் பாரம் அதில் இல்லை.

அன்பு எப்படி முடக்கமாக மாறுகிறது என்பதை எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கண்கூடாகப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயதில் முழங்கால் வலி கண்டது. மணையில் உட்காருவதை நிறுத்தி நாற்காலி போட்டார்கள். நாற்காலி தாழ்வாக இருக்கிறதென்று அதன்மேல் ஒரு மெத்தை வைத்தார்கள். கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றினார்கள், பிறகு அதற்கும் கைப்பிடி பொருத்தினார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலையை மருமகள் எடுத்துக்கொண்டாள். வாசலில் கோலம் போடும் வேலை பணிப்பெண்ணிடம் போயிற்று. ஒவ்வொரு மாற்றமும் அந்த வாரத்துக்கு நியாயமாகவே இருந்தது. ஒவ்வொன்றின் பின்னும் கால் இன்னும் கொஞ்சம் மெலிந்தது. மெலிந்த காலுக்காக அடுத்த மாற்றம் வந்தது. இரண்டு ஆண்டில், கையூன்றாமல் எழமுடியாதவராக அவர் ஆகிவிட்டார். 'அம்மாவுக்கு வயதாகிவிட்டது' என்று வீட்டார் மனம் வருந்தினார்கள்.

பிசியோதெரபிக்கு வந்த பெண் முதலில் செய்தது, அந்த மெத்தையை எடுக்காமல் அப்படியே விட்டதுதான். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டச் சொன்னார். பாதங்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னே குனிந்து, அதன்பின் எழச் சொன்னார். ஐந்து தடவை எழுந்ததும் அந்த அம்மாளுக்கு நெற்றி வியர்த்தது. எட்டு தடவை சிரமமில்லாமல் வந்த நாளில் மெத்தை போயிற்று. அதற்கப்புறம் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு இரண்டு கிலோ, பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை. தீபாவளியை ஒட்டிக் காய்ச்சலில் படுத்தபோது பாதிக்கு இறங்கி, மறுபடியும் அங்கிருந்து ஏறினார்கள். இன்று அவர் மாடியில் துணி காயப்போடுகிறார். வலி முற்றிலும் போய்விடவில்லை. வலியோடு செய்யமுடிந்த காரியங்கள் பெருகின.

இந்த முறையில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் கால் சிதைந்து வந்த போர்வீரர்களுக்குப் படிப்படியாகப் பளுவைக் கூட்டிக்கொடுத்துத் தசையை மீட்டு, 1945இல் அதை எழுதி வெளியிட்டவர் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர். நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களிலும் சிறிய கர்லாக்கட்டையில் கை பழகிய பிறகே பெரியதை எடுக்கவிட்டார்கள். இன்று முடிகிற அளவில் தொடங்குவது, அது எளிதானதும் சிறிதே கூட்டுவது, நோய் வந்தால் இறங்குவது, விட்டுவிடாமல் தொடர்வது: இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் விதி ஒன்றே. தொடங்கும் இடமும் ஏறும் வேகமும்தான் வேறு.

ஆறாவதாக, ஓய்வு உரிமை என்ற வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் மிகுந்த மரியாதையோடு அணுகுகிறேன். சித்தாள் வேலையிலும் களை பிடுங்குவதிலும் அரைவயிற்றோடு முதுகொடிந்த மூதாட்டிக்கு என்னுடைய வாதம் பொருந்தாது. அவருக்கு வேண்டியது வயிறார உணவும், கூலியை நம்பி வாழாத முதுமையும், நோய்க்கு வைத்தியமும். வற்புறுத்தி வாங்கப்பட்ட உழைப்பு வேறு. பலத்தை வளர்க்கும் அளவறிந்த அப்பியாசம் வேறு. ஆனால், மேசையின் முன் நாற்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றபின் தொலைக்காட்சியின் முன் உட்காருவது எந்த உழைப்பிலிருந்து ஓய்வு? ஓய்வைச் சம்பாதித்தவர் எதற்காகச் சம்பாதித்தார்? காசிக்கோ பழனிக்கோ போவதற்கு, பேரனைத் தூக்குவதற்கு, தம்முடைய குளியலைத் தாமே குளிப்பதற்கு. அந்த ஓய்வை அனுபவிப்பதற்கே கால் வேண்டும்.

எல்லோரும் நாளைக்கே பளு தூக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே மார்வலி வருபவர்களும், கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு உடையவர்களும், அண்மையில் எலும்பு முறிந்தவர்களும், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் வைத்தியரிடம் போகவேண்டும். என் வழக்கும் அங்கேதான் போய் நிற்கிறது. மாத்திரைக்குச் சீட்டு எழுதும்போது எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், மறுபடியும் எப்போது வரவேண்டும் என்றெல்லாம் எழுதும் வைத்தியர், தேகாப்பியாசத்துக்கு மட்டும் 'வாக்கிங் போங்க' என்ற இரண்டு சொல்லோடு அனுப்பிவிடுகிறார். எந்த அசைவு, எத்தனை தடவை, வாரத்தில் எத்தனை நாள், எப்போது கூட்டுவது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது என்று அதே சீட்டில் எழுதித் தரவேண்டும். மகனோ மகளோ கூட வந்திருந்தால், அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது கை கொடுத்துத் தூக்கவேண்டாம், விழாதபடி பக்கத்தில் நின்றால் போதும் என்று அவர்களிடமும் சொல்லி அனுப்பவேண்டும்.